கிளீனர் தொடாத நாட்கள்

ஆம்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி பிரேமுக்கு,

அக்கா பாக்யா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. அந்த எத்தியோப்பியாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஷூ கம்பெனி என்றாலும் உனக்கு நாற்காலி வேலைதான், தொப்பை போட்டுவிடும். சாயந்திரம் கொஞ்சம் நட. போனில் பேசினால் பாதி அறுந்துபோகிறது, மீதி நம் சண்டையில் போகிறது. அதனால் உன் ஆபீஸ் மெயிலுக்கே எழுதுகிறேன். பழைய காலத்துக் கடிதம் என்று நினைத்து நிதானமாகப் படி.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இடம் இல்லை. ரம்ஜான் நோன்பு பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. எல்லாம் பெண்கள் பக்கத்து வீடியோ. இடம் வேண்டுமென்று பழைய ஃபோல்டர்களை உட்கார்ந்து அழிக்கிறேன், அழிக்க அழிக்க இடம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

பழையது என்று பெரிதாக எதுவும் இருக்கக் கூடாதே என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நம் தொழில் உனக்குத் தெரியும். பென்டிரைவைக் கொடுத்த கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பெரிய மனுஷி ஒருத்தி வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். அவள் கண்ணெதிரே நான் கல்யாண ஃபோல்டரை அழிப்பேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிக் காட்டுவேன். "சத்தியமா போச்சாம்மா?" என்பாள். "சத்தியமா போச்சு" என்பேன். அப்புறம்தான் முகத்திரையை இறக்கிக்கொண்டு கிளம்புவாள். தங்கள் வீட்டுப் பெண்கள் முக்காடில்லாமல் சிரித்துப் பேசியது வெளியே எங்கும் தங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஊரில் எத்தனையோ கேமராக்காரிகள் இருக்க, பொட்டு வைத்த என்னை வீட்டுக்குள் கூப்பிடுவது இந்த ஒரு நம்பிக்கையில்தான்.

அப்படியானால் இந்தப் பெட்டியை எது அடைத்துக்கொண்டிருக்கிறது? நீதானே ஊருக்குப் போகும் முன் இதை செட் பண்ணினாய். சீக்கிரம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


அடிஸ் அபாபா
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரேம் எழுதுகிறேன். நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நான் அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் எழுது. தங்கும் இடத்தில் எங்களுக்கு சிக்னல் கிடையாது. ஆபீஸ் நெட்தான், அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. சாப்பாடு ஒன்றும் குறையில்லை. புளித்த தோசை மாதிரி ஒன்று போடுகிறார்கள், நாக்கு பழகிவிட்டது.

டிஸ்க் விஷயம். வேலூர் லாங் பஜாரில் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி, புதுக் கல்யாணங்களை அதில் போடு. பழைய டிஸ்கை அப்படியே விட்டுவிடு, வேறு யாரையும் கை வைக்க விடாதே. மற்றதை நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே இப்போது பகலில் வெயில், பொழுது சாய்ந்தால் ஏலகிரி மாதிரிக் குளிர்.

அன்புடன்,
பிரேம்


ஆம்பூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமென்று எழுதியதைப் படித்து அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்குச் சந்தோஷம் இல்லை. நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு "அக்கா, இன்னிக்கு மழை வரும்போல" என்று வந்து நின்றாயே, அந்த முகம் உன் மெயிலில் தெரிந்தது.

டிஸ்க் வாங்கப் போன கடையிலிருந்தே ஒவைஸ் என்று ஒரு பையனைக் கூட்டிவந்து காட்டினேன். நல்ல வேலைக்காரன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, இது நாங்க பாக்குற டைப் இல்ல. நில்ஃப்ஸ்னு இன்னாவோ போட்டிருக்கு. போட்டவங்களையே கேளுங்க. ஒரு பேஜார் பாத்தீங்களா, நீங்க அழிக்கிறதுக்கு முன்னாடி இருந்ததவிட அழிச்ச அப்புறம் இடம் கம்மியாய்டுச்சு."

வீட்டைப் பெருக்கினால் குப்பை கூடுமா பிரேம்? டிஸ்க் வாங்குவது எனக்குப் பெரிதில்லை. நான் அழித்தது எங்கே போனது என்று சொல். இந்தத் தடவை மழையைப் பற்றி எழுதாதே.

அக்கா


அடிஸ் அபாபா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கோபமும் நலமாக இருப்பது தெரிந்தது. சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி.

அந்த டிஸ்கில் எதன் மேலும் எதையும் எழுதுவதில்லை. புதிதாக எது வந்தாலும் கடைசியில் போய்ச் சேரும். நீ ஒன்றை அழித்தால், "இது அழிக்கப்பட்டது" என்று கடைசியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஒவைஸ் பார்த்த குறைவு அந்த வரியால் வந்தது. அழிக்கப்பட்டது பழைய இடத்தில் அப்படியே கிடக்கும்.

இது ஓடிக்கொண்டே இருக்கும்போது, "இந்த நேரத்தில் எல்லாம் இப்படி இருந்தது" என்று தானே ஒரு நம்பர் போட்டுக்கொள்ளும். அதற்கு செக்பாயின்ட் என்று பெயர். டிஸ்க் நிறைய ஆரம்பித்தால் கிளீனர் என்று ஒரு புரோகிராம் பின்னாலிருந்து வந்து பழைய செக்பாயின்ட்களை எடுத்து இடத்தைக் காலி பண்ணும். சாதாரணமாக விட்டிருந்தால் உனக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. ஆனால் ஒரு செக்பாயின்டை ஸ்னாப்ஷாட் என்று மாற்றிவிட்டால் கிளீனர் அதைத் தொடாது, நாமே விடுவிக்கும்வரை அந்த நாள் அப்படியே நிற்கும்.

நீ வேலை செய்த ஒவ்வொரு நாளும் தானாக ஸ்னாப்ஷாட் ஆகும்படி நான் போட்டு வைத்திருக்கிறேன்.

பேர்ணாம்பட்டு கல்யாணம் ஞாபகமிருக்கிறதா? காப்பி பண்ணாத மெமரி கார்டை நான் காலி பண்ணித் தொலைத்து, நீ அந்த வீட்டு வாசலில் நின்று அழுதாய். இனி எது தொலைந்தாலும் திரும்ப எடுக்க வேண்டுமென்று அன்றைக்கு நினைத்தேன். அதற்காகத்தான் செய்தேன். வேறு எண்ணம் இல்லை.

டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-சி-பி என்று அடி. நம்பரும் தேதியும் வரிசையாக வரும். எஸ்-எஸ் என்று போட்டிருப்பதெல்லாம் ஸ்னாப்ஷாட். விடுவிக்க சி-எச்-சி-பி, ஒரு இடைவெளி, சி-பி, ஒரு இடைவெளி, அப்புறம் நம்பர். மீதியை கிளீனர் பார்த்துக்கொள்ளும். தினமும் தானாக ஸ்னாப்ஷாட் ஆவதை நிறுத்தும் வரியைத் தனியாக இணைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

பிரேம்


ஆம்பூர்
20 பிப்ரவரி 2025

பிரேம்,

எல்லோரும் சுகம்.

எல்லாமே இருக்கிறதா? நான் தொட்டு அழித்த ஒவ்வொரு வீடும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறதா? ஊஞ்சலில் பாடிய கிழவிகள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேமராவுக்குக் கை காட்டியவள், ஆட்டம் போட்டுவிட்டு "இத மட்டும் எங்க அத்தா பாக்கக் கூடாதுக்கா" என்று கன்னத்தைப் பிடித்துக் கெஞ்சிய பெண்கள் எல்லாம்? நான் காமாட்சியம்மன் பேரில் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் உட்கார வைத்துப் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறேன்.

நீ நல்லெண்ணத்தில்தான் செய்தாய். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. உன்மேல் எனக்கு இப்படி ஆத்திரம் வந்ததே இல்லை.

நீ எழுதியபடி அடித்துப் பார்த்தேன். திரை நிறையத் தேதிகள். பழையதிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து வருகிறேன். மொத்தமாகச் செய்ய வழி இருக்கும், எனக்கு வேண்டாம். எந்த வீடு என்று பார்த்துத்தான் விடுவேன். மனசுக்குள் மன்னிப்பாவது கேட்க வேண்டுமே.

அக்கா


ஆம்பூர்
5 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நோன்பு பிறந்துவிட்டது, கடைத்தெரு பகலில் வெறிச்சென்று கிடக்கிறது. உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

நேற்று முனவ்வர் பேகம் வந்தார்கள். உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். தோல் மண்டி வைத்திருந்தவரின் வீட்டம்மா. இரண்டு வருஷம் முன்பு, பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, அவர்கள் மகள் சானியாவின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு அந்த அம்மா வரவில்லை. அதற்கு முந்தின டிசம்பரில் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். புருஷன் போனபின் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டோடு இருக்க வேண்டும், இத்தா என்பார்கள். அவர் குறித்துவைத்த தேதி, தள்ளக்கூடாது என்று சொந்தக்காரர்கள் நடத்திவிட்டார்கள். காலையில் சாதாரணச் சுடிதாரோடு மண்டபத்துக்குப் போன பெண், மணக்கோலத்தோடு அப்படியே பெங்களூருக்குக் கார் ஏறிவிட்டாள். துக்க வீட்டு வாசலை மிதித்துவிட்டுப் போக வேண்டாம் என்று யாரோ ஒரு கிழவி சொல்லிவிட்டாளாம்.

இத்தா முடிந்தபின் இந்த அம்மாவே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, என்னை அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "நீங்க ஒரு தடவ பாத்துடுங்களேம்மா" என்று நான் சொன்னேன். "பென்டிரைவ் சானியாகிட்ட இருக்கு. பிரசவத்துக்கு வருவா இல்ல, அப்ப ரெண்டு பேரும் ஒக்காந்து பாத்துக்கறோம்" என்றார்கள்.

போன நவம்பரில் சானியா டெங்குவில் போய்விட்டாள். எனக்கு இது தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் பென்டிரைவைக் கேட்டால் காணோம் என்கிறார்களாம். அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள்.

"பாக்யா, எம் பொண்ண நான் கல்யாணக் கோலத்துல பாக்கவே இல்லம்மா. நாந்தான் அழிக்கச் சொன்னேன். சொன்ன வாயால இப்ப கேக்குறேன். எங்கயாவது ஒரு மூலையில, கொஞ்சூண்டு ஒட்டிக்கினு இருக்குமா?"

"இல்லம்மா. அன்னிக்கே போச்சு" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா தலையை ஆட்டி, "நீ சொன்ன சொல்லு மாறாதவ" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜனவரி வரை விடுவித்துவிட்டேன் பிரேம். அடுத்தது அந்தப் பிப்ரவரிதான். அதை விடுவிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியுமா? காட்டினால் நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய் என்றாகும், அப்புறம் எந்த வீட்டு வாசலும் எனக்குத் திறக்காது. காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா


அடிஸ் அபாபா
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீஸில் நெட் இல்லாமல் இத்தனை நாள் போய்விட்டது. உன் இரண்டு கடிதத்தையும் இன்றுதான் சேர்த்துப் படித்தேன். முதல் கடிதத்தில் நீ திட்டியது சரி.

இரண்டாவதுக்கு உடனே எழுதுகிறேன். அந்தப் பிப்ரவரியில் கை வைக்காதே. ஸ்னாப்ஷாட்டாக இருக்கும்வரை கிளீனர் அதன் பக்கம் போகாது. இந்த மெயிலோடு தனியாக இணைத்திருக்கும் வரியில் நம்பரை மட்டும் மாற்றி அடி. அந்த நாள் ஒரு ஃபோல்டராகத் திறக்கும். பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. கல்யாணத்திலிருந்து நீ அழித்த நாள் வரை எந்தத் தேதியைத் திறந்தாலும் அந்தப் பெண் இருப்பாள்.

என்னைக் கேட்டால் காட்டிவிடு. யாருக்குச் சத்தியம் பண்ணினாயோ அந்த அம்மாவே வந்து கேட்கிறார்கள். பழியை என்மேல் போடு. தம்பி செய்த கோளாறு என்று சொல். நான் இங்கே இருக்கிறேன், என்னை யார் என்ன செய்ய முடியும்?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.
பிரேம்


ஆம்பூர்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். பெருநாள் நன்றாகக் கழிந்தது. எத்தனையோ வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, அம்மா உன்னை நினைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

நீ சொன்னபடி அடித்துப் பார்த்தேன். சானியா கல்யாணம் அதில் இல்லை. பழையதை விடுவித்தபோது அதுவும் சேர்ந்து போயிருக்கும், என் கைதான் தவறியிருக்கும். போகட்டும்.

பெருநாளன்று முனவ்வர் பேகம் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பழைய சேலைதான் கட்டியிருந்தார்கள். சேமியாப் பாயசம் கொடுத்துவிட்டு, "வீடியோ இல்லாட்டி போவுது. நீ அங்க இருந்தியே, வாயால சொல்லேன்" என்றார்கள். சொன்னேன். சிவப்பு என்று சொல்லி வாங்கிய துணி விளக்கு வெளிச்சத்தில் குங்குமப்பூ நிறமாகத் தெரிந்தது, இடதுகை மருதாணி வலதுகையைவிடக் கறுத்திருந்தது, சம்மதம் கேட்டு வந்தவர்களுக்கு முதல் தடவை குரல் எழும்பாமல் இரண்டாம் தடவைதான் பதில் வந்தது, நெற்றிச் சுட்டி நழுவி நழுவி விழ நாத்தனார் கருப்பு ஊசி குத்தியது, எல்லாம் சொன்னேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் ஆய்டுச்சு. நேத்து பாத்த மாதிரி சொல்றியேம்மா" என்றார்கள்.

மீதி எல்லாத் தேதியையும் விடுவித்துவிட்டேன். கிளீனர் ஓடுகிறது, இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. ஒரே ஒரு நம்பர் மட்டும் மாற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. எத்தனை தடவை அடித்தாலும் 'டிவைஸ் பிஸி' என்று வருகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

அக்கா


அடிஸ் அபாபா
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

அது பிஸி என்று சொல்வது ஒரு சமயத்தில்தான். அந்த நாளை யாரோ திறந்து வைத்திருக்கும்போது. பார்த்துவிட்டு மூடாமல் விட்டால் அதை விடுவிக்க விடாது.

மூடுவதற்கு யு-மவுன்ட், ஒரு இடைவெளி, திறந்த ஃபோல்டரின் பெயர். அப்புறம் விடுவித்தால் கேட்கும். அது ரொம்பப் பழைய நம்பர், விடுவித்ததும் கிளீனர் எடுத்துக்கொள்ளும். அதன்பின் என்னாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எந்தத் தேதி என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மூடுவதும் மூடாததும் உன் இஷ்டம். எனக்கு ஒரே ஒரு வருத்தம், என்னிடம்கூட ஏன் மறைத்தாய் என்று.

பிரேம்


ஆம்பூர்
4 மே 2025

அன்புள்ள பிரேமுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, மனசுதான்.

இருந்தது பிரேம். திறந்தேன், பார்த்தேன். பெருநாளுக்கு முந்தின நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பார்த்த மாதிரி சொல்கிறாயே என்று அந்த அம்மா சொன்னபோது, கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். நேற்றுத்தானே பார்த்தேன்.

காட்டிவிடலாம் என்றுதான் திறந்தேன், சத்தியமாக. பென்டிரைவுக்குப் போன எடிட்டில் இல்லாத ஒரு துண்டு அதில் இருந்தது. நிக்காஹ் தொடங்குமுன் மணமகள் அறையில் கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு நான் சாப்பிடப் போயிருக்கிறேன். வேண்டாததென்று அன்றைக்கு ஓட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டது. அதில் சானியா சித்தி மகளிடம் அழுகிறாள். அம்மாவை அவள் அம்மி என்றுதான் கூப்பிடுவாள். "எனக்கு இது வாணாம்டி. படிப்ப முடிக்கணும். அம்மிகிட்ட சொல்லலாம்னா அவங்களே அத்தாவ பறிகொடுத்துட்டு ஒக்காந்திருக்காங்க. இப்ப போயி எந்த வாயால சொல்றது?" என்கிறாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மிக்கு எப்பவும் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணு" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இதை எப்படி அந்த அம்மாவிடம் காட்டுவது? அந்தத் துண்டை விட்டுவிட்டு மற்றதைக் காட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். எதைக் காட்டினாலும் என் பேர் போகும். அந்த அம்மா மனசு நோகக் கூடாது என்று மறைத்தேனா, என் பிழைப்புக்காக மறைத்தேனா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் எழுதினால் நீ சரியாகக் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன்.

அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டாள், அது என் காதிலும் விழுந்துவிட்டது. அதோடு அது முடியட்டும். நீ எழுதியபடி மூடினேன். விடுவித்தேன். இந்தத் தடவை மறுபேச்சு இல்லாமல் மாறிவிட்டது. இரண்டு நாளில் டிஸ்க் பாதிக்கு மேல் காலி. தினமும் தானாக ஸ்னாப்ஷாட் ஆவதையும் நிறுத்திவிட்டேன். இனி நான் சத்தியம் பண்ணினால் அது சத்தியம்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஆம்பூர்
15 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. நெட் இல்லையா, மனமில்லையா? எதுவானாலும் நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா சுகம்.

பக்ரீத் முடிந்து முனவ்வர் பேகம் வந்தார்கள். நாத்தனார் மகளுக்குக் கல்யாணமாம், என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்களாம். தேதி குறித்துக்கொண்டேன். எழுந்திருக்கப் போனவர்கள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

"பாக்யா, ஒன்னே ஒன்னு. அன்னிக்கு நீ எல்லாம் அழகா சொன்ன. துணி, நகை, மருதாணின்னு. நான் கேட்டது அது இல்லம்மா. அவளுக்கு அந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. எங்கிட்ட சொல்லல. பெத்தவளுக்குத் தெரியாம போவுமா? அவங்க அத்தா குடுத்த வாக்குன்னு நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். அந்த வீடியோல ஒரு தடவையாவது அவ சிரிச்சிருக்காளா, அத பாத்துடணும்னுதான் வந்தேன். போட்டோவுக்கு சிரிக்கிறத சொல்லல. நெஜமா, வாய் விட்டு."

பிரேம், சிரித்தாள். உனக்கு அன்றைக்கு எழுதாமல் விட்டுவிட்டேன், அழுகைதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதே அறையில், அதே துண்டில், அழுது முடித்த கொஞ்ச நேரத்தில், அந்தச் சித்தி மகள் நெற்றிச் சுட்டியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் பெரியம்மா மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினாள். சானியா அப்படிச் சிரித்தாள். மை கரைந்து கன்னத்தில் இறங்க, விக்கல் எடுத்து, கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். "ஐயோ, அம்மி மட்டும் இங்க இருந்தா ரெண்டு பேருக்கும் அடி வுழும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

அப்படியே சொன்னேன், ஒரு சொல் விடாமல். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் என் கன்னத்தில் கை வைத்தார்கள்.

"நீ நல்ல பொண்ணும்மா. ஒருத்தி மனசு ஆறட்டும்னு சொல்றதுல பாவமில்ல."

"ஐயோ, இல்லம்மா. நெஜமாத்தான். நான் கண்ணால பாத்தேன். சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் வாணாம்" என்று என் வாயைப் பொத்தினார்கள். "அந்த ரூம்ல நீ இல்லன்னு எனக்குத் தெரியும். நீ சாப்புட போயிருந்தேன்னு எந்தங்கச்சி சொல்லியிருக்கா. போவட்டும் வுடு."

குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்கள். நான் ஓடிவந்து டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-சி-பி அடித்தேன். போன மாதத்துக்கு முந்தின தேதி ஒன்றுகூட இல்லை. மறுபடியும் அடித்தேன். அப்புறம் இடத்தைப் பார்த்தேன். நிறைய இருக்கிறது, எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் போடலாம்.

அந்த அம்மா நம்பவில்லை பிரேம். நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை, அதை நம்பவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. முடிந்தால் ஒரு வரி எழுது.

உன் அக்கா
பாக்யலட்சுமி